புன்னாரியும் கண்ணுத் தாத்தாவும்

கோகி ஊரில் புன்னாரியைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊருக்குத் தெற்கே, அகழிக்கு அப்பால், காட்டுக்குள் பாதி நின்றும் பாதி சரிந்தும் கிடக்கிற பழைய கற்கோயிலில் அவளுக்கு வேலை. அவள் கல் செதுக்குகிறவள் இல்லை, காவல்காரியும் இல்லை. புல்லுக்குள் விழுந்து கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் கற்களில் எது எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வாள். படித்த இன்ஜினியர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறியும்போது, கடைசியில் யாராவது ஒருவர் "அக்காவைக் கூப்பிடுங்க" என்பார். அவள் வந்து கல்லின் ஓரத்தை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பிப்பாள். பின்னால் சுண்ணாம்புக் கட்டியோடு ஓட வேண்டியது அவர்கள் பாடு.

அந்த விரல்களுக்கு அந்தப் பழக்கம் கல்லிலிருந்து வந்ததில்லை, கண்ணிவெடியிலிருந்து வந்தது.

சண்டைக் காலத்தில் கோயிலுக்குள் மாறி மாறிப் பட்டாளம் தங்கியது. போகிற ஒவ்வொரு பட்டாளமும் வருகிறவனுக்காகச் சுற்றிலும் வெடியைப் புதைத்துவிட்டுப் போனது. தொண்ணூற்றாறாம் வருஷம் புன்னாரியின் கணவன் சாரத், மரத்தில் பிசின் எண்ணெய் எடுக்கப் போனவன், அகழிக் கரையில் கால் வைத்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவனை மாட்டு வண்டியில் போட்டு மாகாண ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கையில் ஒரு வயதுப் பெண் குழந்தையோடு புன்னாரி நேராகப் போய் விழுந்தது கண்ணுத் தாத்தாவின் முன்னால்.

கண்ணுத் தாத்தா ஊர்க் காவல் தெய்வம். ஊர் எல்லையில், ஊருக்குப் பேர் கொடுத்த பெரிய கோகி மரத்தடியில், கரையான் புற்றோடு ஒட்டி, ஓலைக் கூரைக்குக் கீழே இருக்கிறார். சதுரமான மணற்கல்தான். ஆனால் அதன் முகத்தில் இரண்டு உருண்டைக் குழிகள், சரியாகக் கண்ணிருக்கும் இடத்தில். பார்த்தால் பார்க்கிற மாதிரியே இருக்கும். நெற்றியில் சிவப்புத் துணி, முன்னால் சிகரெட்டும் வாழைப்பழமும் அரிசிச் சாராயமும். சாரத் பிழைத்து வந்தால் வருஷா வருஷம் தன் கையாலேயே குளிப்பாட்டுகிறேன் என்று புன்னாரி வேண்டிக்கொண்டாள். அவனும் பிழைத்து வந்தான்.

ஐந்து வருஷம் கழித்து வெடியெடுக்கும் ஆட்கள் வந்து ஊர்ப் பெண்களையும் வேலைக்குக் கேட்டார்கள். புன்னாரி பெயர் கொடுத்தாள். மாமியார் யெங் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள்.

"என் மகன் ஒரு காலு குடுத்தது பத்தாதுன்னு நீ போயி ரெண்டையும் குடுக்கப் போறியாக்கும்."

"வெடி மண்ணுக்குள்ள கெடக்குற வரைக்கும் நம்ம மாடும் நம்ம புள்ளையும் அந்தப் பக்கந்தான அத்தை சுத்தும்" என்றாள் புன்னாரி. "யாராவது எடுக்கணும்ல."

நான்கு வருஷம் எடுத்தாள். கனத்த கவசமும் முகமூடியும் மாட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு புல்லாக நறுக்கி, மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம் முன்னேறுவாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தரம் வருவது ஆணி, தகர டப்பா, தோட்டாக் கூடு. நூறாவது தரம் வெடி. விரல் நுனிக்கு அடுத்து என்ன இருக்கிறது என்பதை விரல் போய்ச் சேரும் முன்பே அறிந்துகொள்ள அந்த நான்கு வருஷத்தில் கற்றுக்கொண்டாள். அறுபத்து மூன்று வெடி அவள் கைக்கு வந்தது. ஒன்றுகூட அவளைத் தொடவில்லை.

வெடிக்காரர்கள் கிளம்பியதும் கோயிலைச் சீர் செய்ய ஆட்கள் வந்தார்கள். அவளுக்குப் புல் வெட்டும் வேலை கிடைத்தது. தலைநகரிலிருந்து வந்த விரக் என்ற இளம் இன்ஜினியர் தூண் துண்டு ஒன்றுக்கு ஜோடி தேடி இரண்டு வாரமாக அலைந்துகொண்டிருந்தார். மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி புன்னாரி, அது மூன்றாவது வரிசையில் குப்புறக் கிடக்கிற கல்லோடு சேரும் என்று சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு என்ன தோன்றியதோ, ஆட்களை விட்டுப் புரட்டச் சொன்னார். சேர்ந்தது, முடி நுழைய இடமில்லாமல். மறுநாள் அரிவாளை வாங்கிக்கொண்டு அவள் கையில் சுண்ணாம்புக் கட்டியையும் தலைக்குத் தொப்பியையும் கொடுத்தார்கள்.

தெற்கு மதில்தான் அங்கே பெரிய வேலை. ஒரே கல் கனத்தில் நீளமாக ஓடும் மதில். அதன் வெளிப்பக்கம் முழுக்கச் சிற்பம். ராஜாவின் படை சண்டைக்குப் போகிறது. யானைகளும் ஈட்டிக்காரர்களும் போன பிறகு, கடைசியில் சனங்கள் போகிறார்கள்: மாட்டு வண்டி, வண்டிக்குக் கீழே நடக்கும் நாய், கம்பில் கோழிகளைக் கட்டித் தூக்கிய ஒருவன், அவனுக்குப் பின்னால் ஒரு பெண். ஆறு வருஷத்தில் அந்த மதிலை ஏறக்குறைய முழுசாக நிமிர்த்திவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் உடம்பில்லை. கீழ்க் கல்லில் அவளுடைய இரண்டு பாதங்கள், மேல் கல்லில் தலைச்சுமைப் பானையின் வாய். நடுக்கல்லைக் காணோம். அந்த இடத்தில் வெறுங்கல் ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள்.

புன்னாரிக்கு அந்த வெறுங்கல் கண்ணில் விழுந்த தூசு மாதிரி. காடு முழுக்கத் தேடினாள், அகழிச் சேற்றில் இறங்கிக்கூடத் தேடினாள்.

அந்த வருஷம் நாற்று விடுவதற்கு முன் கண்ணுத் தாத்தாவுக்குப் படையல் வந்தது. வேண்டுதல்படி புன்னாரி குளிப்பாட்டினாள். முதல் மழையில் பின்னாலிருந்த புற்று கரைந்து, கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் விட்டிருந்தது. சேற்றைத் துடைக்கத் துணியோடு கையை உள்ளே விட்டாள். விரலில் ஒரு தோள் தட்டுப்பட்டது. தோளுக்குக் கீழே, துணி மடிப்பைப் பிடித்தபடி ஒரு குழந்தையின் கை, நெல்மணி அளவு விரல்களோடு.

கையை வெளியே எடுத்துக்கொண்டாள். தண்ணீரை ஊற்றினாள், பவுடர் பூசினாள், சிவப்புத் துணியைக் கட்டினாள். நிமிர்ந்தபோது மாமியார் யெங் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். புன்னாரி காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தாத்தாவின் கண்கள் என்னவென்று இப்போது அவளுக்கு விளங்கியது. அந்தக் காலத்தில் கல்லைத் தூக்க முளை அடிப்பதற்குப் போட்ட துளைகள். கோயிலில் வேறு சில கற்களின் முதுகிலும் அப்படி இரண்டைப் பார்த்திருக்கிறாள். இத்தனை காலமாக ஊர் கும்பிட்டது, மதிலில் காணாமல் போன அந்த நடுக்கல்லின் முதுகை.

ஆனாலும் இது யாரிடம் போய்ச் சொல்லக்கூடிய விஷயம்? அவள் புருஷனைத் திருப்பிக் கொடுத்தது அந்த முதுகுதானே. சொன்னால் விரக் வந்து தூக்கிக்கொண்டு போவார், சட்டம் அவர் பக்கம். ஊர் அவளைச் சும்மா விடாது. நாளை ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எல்லா வாசலிலும் அவள் பெயர்தான் அடிபடும். வாயை மூடிக்கொண்டாள். இரண்டு வருஷம் மூடியே வைத்திருந்தாள்.

அதற்கு மேல் மூடவிடாமல் செய்தது ஒரு போட்டோ. வெளிநாட்டு நூலகம் ஒன்றிலிருந்து விரக்குக்குப் பழைய படம் ஒன்று வந்தது. எண்பது வருஷத்துக்கு முன்பு எடுத்தது. அதில் தெற்கு மதில் முழுசாக நிற்கிறது. பானை சுமந்த பெண் இடுப்பில் குழந்தையோடு தெளிவாகத் தெரிகிறாள். முதலில் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்ட விரக், சாயங்காலத்துக்குள் முகம் கறுத்துப்போனார். கல் தானாக உடைந்து போகவில்லை, யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார்.

கொண்டுபோனது யார் என்று ஊரில் யாரும் யோசிக்கக்கூட இல்லை. நொப் இருக்கிறானே. சண்டைக் காலத்தில் கோயிலில் காவலிருந்த சிப்பாய், சிலைகளின் தலையை அறுத்து எல்லை தாண்டி விற்றவன் என்று பெயர் வாங்கியவன். இப்போது மரவள்ளி போட்டுக்கொண்டு ஊர் ஓரத்தில் இருக்கிறான். அவன் டீக்கடைக்கு வந்தால் யாராவது, "என்ன நொப், அந்தப் பக்கம் தலை என்ன வெலைக்குப் போகுது இப்ப?" என்று கேட்பது வழக்கம். அவனும் சிரித்துவிட்டுப் போய்விடுவான். இந்தத் தடவை சிரிப்போடு போகவில்லை. வட்டாரப் போலீஸ் மூன்று தரம் கூப்பிட்டு விசாரித்தது. மூன்றாம் தரம் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். அவன் மகளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பையன் வீட்டார், மழைக்காலம் முடியட்டும், பிறகு பேசலாம் என்று ஆளனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை நொப் கோயில் வேலிக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே வரவில்லை. புன்னாரி போய் என்னவென்று கேட்டாள்.

"நீ மண்ணுக்குள்ள கெடந்த வெடியவே கண்டுபுடிச்சவ. இந்தக் கல்லையும் கண்டுபுடிச்சுக் குடுத்துரு தங்கச்சி" என்றான். அவன் குரல் கெஞ்சவில்லை, கோபமும் இல்லை. "நான் மூணு தலை அறுத்தேன். யாரு கேட்டாலும் சொல்லுவேன், அதுக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும். இத நான் எடுக்கல. எடுக்காததுக்கு எம்புள்ள கல்யாணம் நிக்குது."

புன்னாரியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் போன பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தவள் மதியச் சோற்றைக்கூடப் பிரிக்கவில்லை.

வேலை முடிந்ததும் புத்த விகாரைக்குப் போய், சடங்குகளை நடத்திவைக்கும் ஆசார் கியெனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். விசேஷ நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது, அன்றைக்கு ஊர் முழுக்க இங்கேதான் இருக்கும், நீயே உன் வாயால் சொல் என்றார். விரக்கையும் வரச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சாரத்திடம் மட்டும் முன்கூட்டியே சொன்னாள். அவன் கட்டைக் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாரை இறுக்கியபடி கேட்டான். "சொல்லாம இருந்தா நல்லாருக்கும்" என்றான் முதலில். வாரை இறுக்கி முடித்ததும், "ஆனா சொல்லாம இருக்க முடியாது" என்றான்.

விசேஷ நாளன்று பிக்குகள் சாப்பிட்டு எழுந்து, சனங்கள் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த நேரம். நொப்பும் அவன் மனைவியும் தூணோரம் தனியாக இருந்தார்கள். புன்னாரி எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள். காணாமல் போன கல் கண்ணுத் தாத்தாதான். அவருக்குப் பின்பக்கம் ஒரு பெண் இருக்கிறாள். இரண்டு வருஷமாகத் தனக்குத் தெரியும்.

எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. கோயிலில் சம்பளம் வாங்குகிறவள் கோயிலுக்குத்தான் பேசுவாள் என்றார்கள். நொப் என்ன கொடுத்தான் என்று கேட்டார்கள். டீக்கடைக்காரன், இத்தனை வருஷமாக ஒரு பொம்பளைக்கா சிகரெட் பற்ற வைத்தோம் என்று கேட்டதற்குச் சிலர் சிரித்தும்விட்டார்கள். ஆசார் கியென் கையைத் தூக்கி அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் கல் ஊர் உண்டானதிலிருந்து அங்கேயே இருக்கிறது, யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை என்று ஒருவர் அடித்துப் பேசினார்.

"வச்சாங்க" என்று ஒரு குரல் வந்தது.

யெங் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். சத்தமாகப் பேசவில்லை, அதனால் எல்லோரும் அடங்க வேண்டியிருந்தது.

"எம்புருஷன்தான் வச்சாரு. ஊர விட்டு எல்லாரையும் வெரட்டுன அந்தப் பொல்லாத காலம் முடிஞ்சு நாம திரும்பி வந்தப்போ ஊருல என்ன இருந்துச்சு? வீடில்ல, மாடில்ல. பழைய தாத்தா குடிசையக் கொளுத்திப் போட்டிருந்தானுங்க. புள்ளைங்க வரிசையா காய்ச்சல்ல போச்சு. என் சின்னவனும் போனான். காவலுக்கு யாராவது வேணும்னு அவரு கோயிலுக்குப் போயி, கண்ணு இருக்குற கல்லாப் பாத்து, வண்டில வச்சு இழுத்துட்டு வந்தாரு. அப்ப வெடியெல்லாம் இல்ல. அந்தப் பக்கம் பொம்பள இருக்கான்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புத்துமண்ண அணைச்சு மறச்சோம்."

மருமகளைப் பார்த்தாள். "இவ கைய உள்ள விட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு ரெண்டு வருஷமா எனக்குத் தொண்டையில சோறு எறங்கல." பிறகு நொப் இருந்த பக்கம் திரும்பினாள். "தம்பி, ஒன்ன அவங்க கூப்பிட்டுக்கிட்டுப் போனப்பவாவது நான் சொல்லிருக்கணும். செத்தவரு பேரு கெட்டுப் போகுமேன்னு இருந்துட்டேன்."

நொப் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி அழுதாள்.

விரக் எழுந்து, மரியாதையாகத்தான், சட்டத்தைச் சொன்னார். கோயில் கல் கோயிலுக்குச் சேர வேண்டியது, கொண்டுவந்தவர் மேல் தப்பில்லை, வழக்கும் இல்லை, போலீசுக்குத் தானே எழுதிவிடுவதாக உறுதி கொடுத்தார். ஆனால் கல் போய்த்தான் ஆக வேண்டும்.

"போவட்டும் சார்" என்றாள் யெங். "ஆனா அந்தப் பொம்பளய வெளிய பாக்க வச்சா, எங்க தாத்தா கண்ணு சொவத்துக்குள்ள போயிரும்ல. காவக்காரன் கண்ண மூடிட்டு ஊருக்கு என்ன காவல்?"

புன்னாரிதான் பேசினாள். அவளுக்கே அது அப்போதுதான் உறைத்தது.

"சொவத்துக்குள்ள போகாது அத்தை. அந்த மதிலு ஒரு கல்லு கனந்தான். வெளிப்பக்கம் அவ பானையத் தூக்கிட்டு நிப்பா. உள்பக்கம் வந்து பாத்தா தாத்தா கண்ணத் தெறந்துட்டு இருப்பாரு. ரெண்டு பேருக்கும் எடமிருக்கு."

அதற்கப்புறமும் பேச்சு அவ்வளவு சுலபத்தில் ஓயவில்லை. ஊதுபத்திப் புகை சிற்பத்தைக் கெடுக்கும் என்றார் விரக். ஊதுபத்தி இல்லாத சாமியா என்றார்கள் இவர்கள். கடைசியில் மதிலிலிருந்து பத்தடி தள்ளி ஒரு மணல் சட்டி வைத்துக்கொள்வதென்று முடிவானது. தாத்தா சம்மதிக்கிறாரா என்று கேட்க வேண்டாமா என்று ஒருவர் கிளப்பினார். மரத்தடியில் கோழி அவித்து, அதன் தாடை எலும்பைப் பிரித்து ஆசார் கியென் பார்த்தார். இரண்டு பக்கமும் சமமாக வளைந்திருந்தது. வருவார் என்றார். ஐந்தாறு வீட்டுக்காரர்கள் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் இன்றுவரை புன்னாரியோடு பேசுவதில்லை.

கல்லைப் பெயர்த்த நாளில் கோகி ஊரில் யாரும் வயலுக்குப் போகவில்லை. புற்றை வெட்டிச் சாய்த்தபோது அந்தப் பெண் நாற்பது வருஷத்தில் முதல் முறையாக வெளிச்சத்துக்கு வந்தாள். மண் அவளைக் காப்பாற்றி வைத்திருந்தது, மதிலில் மற்றவர்களுக்கு மழுங்கிப்போன மூக்கும் உதடும் இவளுக்கு அப்படியே இருந்தன. வாயை லேசாகத் திறந்திருந்தாள், முன்னால் போகிறவனை எதற்கோ திட்டுகிற மாதிரி. பவர் டில்லர் வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். சிவப்புத் துணியை அவிழ்க்க யெங் விடவில்லை. வழி நெடுக மேளம் வாசித்துக்கொண்டு போனார்கள்.

மதிலில் வெறுங்கல்லை எடுத்துவிட்டுச் சங்கிலிக் கப்பியில் இதைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். புன்னாரி முழங்காலிட்டுக் கீழ்க் கல்லின் மேல் கையை வைத்திருந்தாள். இடது பக்கம் ஒரு விரல்கடை என்றாள். இழுத்தார்கள். கொஞ்சம் திருப்பச் சொன்னாள். கையை எடு அக்கா, கையை எடு என்று விரக் பதறினார். கடைசி நொடியில் எடுத்தாள். ஒரு சின்ன மூச்சு மாதிரி சத்தம் வந்தது, அவ்வளவுதான். பாதத்துக்கு மேல் கால், காலுக்கு மேல் இடுப்பு, இடுப்பில் பிள்ளை, தலைக்கு மேல் பானை. கல்லும் கல்லும் சேர்ந்த கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

விரக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அப்படியே அப்பால் போனார். சனங்கள் மதிலைச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் ஓடினார்கள். அங்கே கறுத்த கல்வரிசைக்கு நடுவே இரண்டு கண்கள் ஊர்ப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் உட்கார்ந்து கும்பிட, எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

விரக் போலீசுக்கு எழுதிய கடிதத்தோடு நொப்பின் விவகாரம் முடிந்தது. மகளின் கல்யாணம் முடியவில்லை. பையன் வீட்டார் மறுபடி ஆளனுப்பியபோது, அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தலைநகரில் தையல் ஆலை வேலைக்குப் போய்விட்டாள். நொப்பைக் கோயில் வேலைக்குக் கூப்பிடும்படி புன்னாரிதான் விரக்கிடம் சொன்னாள். திருடனை உள்ளே விடுவதா என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். எதை எங்கே அறுத்தான், யாரிடம் கொடுத்தான் என்று மூன்று தலைகளைப் பற்றியும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு, நொப் கப்பிச் சங்கிலியைப் பிடித்தான். கனம் தெரிந்த ஆள், கல்லை ஆடவிடமாட்டான்.

யெங் விசேஷ நாட்களில் மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கு வருகிறாள். உள்பக்கம் மணல் சட்டியில் ஊதுபத்தி குத்திக் கும்பிட்டுவிட்டு, மதிலைச் சுற்றி வெளியே வந்து அந்தப் பெண்ணின் முன்னால் நிற்பாள். ஒரு தரம் புன்னாரியிடம், "புள்ளைய இடுப்புல வச்சிருக்குற வாகு சரியில்ல. ரெண்டு மைலு நடந்தா எறக்கி விட்டுருவா" என்று குறை சொன்னாள்.

"அவ எண்ணூறு வருஷமா நடக்குறா அத்தை" என்றாள் புன்னாரி.

"அதான் வாயத் தொறந்து திட்டுறா" என்று சொல்லிவிட்டு யெங் நிழல் தேடிப் போனாள். வடக்குப் பக்கம் சரிந்த கோபுரத்துக் கற்கள் இன்னும் முந்நூறுக்கு மேல் எண் போடாமல் கிடந்தன. நொப் சங்கிலியை மாட்டிவிட்டுக் காத்திருந்தான். புன்னாரி தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.